திரையின் நிற ஆழம்: படிகளின் எண்ணிக்கையும் காட்சியின் உண்மையும்

கொல்கத்தா நகரின் தென்மேற்குப் பகுதியில், ஹூக்ளி நதியின் கிழக்குக் கரையை ஒட்டி அமைந்தது கார்டன் ரீச். கப்பல் கட்டும் தளமும், துறைமுகத்தின் நேதாஜி சுபாஷ் கப்பல்துறையும், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகமும் இப்பகுதியில் உள்ளன. எதிர்க்கரையில் 1787-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தாவரவியல் தோட்டம் விளங்குகின்றது. மாலை வேளையில் இக்கரையில் நின்று மேற்கே நோக்குவார்க்கு வானம் அடியில் பொன்னிறமாகவும், அதன்மேல் சாம்பல் நிறமாகவும், உச்சியில் ஆழ்ந்த நீலமாகவும் தோன்றும். ஒரு நிறம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடம் இதுவென்று சுட்டிக் காட்ட எவராலும் இயலாது.

இதே வானத்தை ஒரு நல்ல ஒளிப்படக் கருவியால் படம்பிடித்து, மலிவான கணிப்பொறித் திரை ஒன்றில் பார்த்தால் நிகழ்வது வேறு. படிப்படியாக வெட்டிய மலைச்சரிவு வயல்களைப்போல நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். பட்டைகளுக்கிடையே தெளிவான கோடுகளும் தென்படும். அக்கோடுகள் வானத்தில் இல்லை. திரையில் மட்டுமே உள்ளன.

அழகிய ஒரு படத்தில் இக்குறை நேர்ந்தால் நட்டம் சிறிது. ஆனால் நதியில் வண்டல் பரவியிருக்கும் எல்லையைச் செயற்கைக்கோள் படத்தில் தேடும் களப்பணியாளர் இத்தகைய கோடு ஒன்றைக் கண்டால், அது வண்டலின் எல்லையா, திரையின் பிழையா என்னும் வினா எழுகின்றது. விடை தவறானால் வரைபடமும் தவறாகும். பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ திரை வாங்கும் பொறுப்பு இன்று ஆசிரியர்களையும் களப்பணியாளர்களையும் அடிக்கடி சேர்கின்றது. விலைப்பட்டியல்களில் ‘8 பிட்’, ‘10 பிட்’, ‘1.67 கோடி நிறங்கள்’, ‘107 கோடி நிறங்கள்’ முதலிய சொற்கள் காணப்பெறுகின்றன. இவை எதனை உணர்த்துகின்றன, எதனை உணர்த்தவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படித்துறையும் நீர்மட்டமும்

ஹூக்ளி நதியில் கடலோதம் கொல்கத்தாவையும் தாண்டிச் செல்லும். கார்டன் ரீச் கரையில் நீர்மட்டம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். கரையிலுள்ள ஒரு படித்துறையில் அமர்ந்து, நீர்மட்டத்தைப் படியின் எண்ணால் மட்டுமே ஒருவர் குறித்து வருவதாகக் கொள்வோம். நீர் நாற்பதாம் படிக்கும் நாற்பத்தொன்றாம் படிக்கும் நடுவே நின்றாலும் அவர் இரண்டில் ஒன்றையே எழுதுதல் வேண்டும். நீர் இடைவிடாமல் ஏறுகின்றது. குறிப்பேட்டில் மட்டும் அது படிக்குப் படி தாவுகின்றது. அதே உயரத்துக்குப் படிகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் தாவல் நான்கில் ஒன்றாகக் குறையும்; குறிப்பும் உண்மையை நெருங்கும்.

கணிப்பொறி ஒளியின் அளவைக் குறிப்பதும் இம்முறையிலேதான். ‘பிட்’ என்பது 0 அல்லது 1 என்னும் இரு நிலைகளுள் ஒன்றை ஏற்கும் இரும இலக்கமாகும். ஒவ்வொரு பிட்டைக் கூட்டும்போதும் கிடைக்கும் நிலைகள் இருமடங்காகின்றன. ஆகவே 6 பிட்டுகளால் 64 படிகளும், 8 பிட்டுகளால் 256 படிகளும், 10 பிட்டுகளால் 1,024 படிகளும், 12 பிட்டுகளால் 4,096 படிகளும் அமையும். இப்படிகளின் எண்ணிக்கையையே நிற ஆழம் என்கிறோம்.

திரையின் ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே தன் படிகளில் ஏறி இறங்கும். மூன்றுக்கும் 256 படிகள் இருப்பின், கிடைக்கும் சேர்க்கைகள் 256-ஐ மும்முறை பெருக்கிய 1,67,77,216 ஆகும். விளம்பரங்களில் காணும் ‘1.67 கோடி நிறங்கள்’ இதுவே. 64 படிகளானால் 2,62,144 சேர்க்கைகளும், 1,024 படிகளானால் 107,37,41,824 சேர்க்கைகளும் கிடைக்கும்.

ஈண்டு ஒரு குழப்பத்தை நீக்குதல் நலம். ஒரே திரையைச் சிலர் ‘8 பிட்’ என்றும் சிலர் ‘24 பிட்’ என்றும் குறிப்பர். முன்னது ஒரு நிறக்கூறுக்கு உரிய கணக்கு. பின்னது மூன்று கூறுகளையும் கூட்டிய கணக்கு. அவ்வாறே ‘10 பிட்’டும் ‘30 பிட்’டும் ஒன்றே. கணிப்பொறியின் அமைப்புப் பக்கத்தில் காணும் ‘32 பிட்’ என்பது பெரும்பாலும் 24 பிட் நிறத்தோடு வேறு பயனுக்காக 8 பிட்டுகள் சேர்ந்ததேயன்றி, கூடுதலான நிறத்தைக் குறிப்பதன்று.

கண்ணின் இயல்பு

மனிதக் கண் பிரித்தறியும் நிறங்கள் இருபது இலட்சம் முதல் ஒரு கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பெறுகின்றது. அவ்வாறாயின் 1.67 கோடி நிறங்கள் காட்டும் திரையில் பட்டைகள் ஏன் தோன்ற வேண்டும் என்று மாணவர் வினவக்கூடும். இது நல்ல வினா. இதற்கு விடை கண்டால் நிற ஆழத்தின் இயல்பு முழுதும் விளங்கும்.

1.67 கோடி என்பது எல்லாச் சேர்க்கைகளின் கூட்டுத்தொகையாகும். ஆனால் கருமையிலிருந்து வெண்மைக்குச் செல்லும் சாம்பல் நிறத்தில் மூன்று கூறுகளும் சமமாகவே ஏறுதல் வேண்டும். எனவே அப்பாதையில் பயன்படுவன 256 படிகள் மட்டுமே. மாலை வானத்தில் நீலத்தின் ஒரு சிறு பகுதி மட்டும் மெல்ல மாறும்போது, அம்மாற்றத்துக்குக் கிடைக்கும் படிகள் முப்பதோ நாற்பதோ ஆகலாம். கோடிக்கணக்கான நிறங்கள் இருந்தும், தேவைப்படும் இடத்தில் கைக்குக் கிட்டுவன சிலவே.

மேலும், அடுத்தடுத்த இரு பரப்புகளின் பிரகாசம் நூற்றில் ஒரு பங்கு அளவு வேறுபட்டாலே தக்க சூழலில் கண் அதனை உணரும். ஆஸ்திரிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் மற்றோர் உண்மையையும் விளக்கினார். மெல்லிய வேறுபாடுள்ள இரு பரப்புகள் சந்திக்கும் எல்லையைக் கண் உள்ளபடி காணாமல், மிகைப்படுத்திக் காண்கின்றது. எல்லையின் ஒளிமிக்க பக்கம் மேலும் ஒளியுடனும், இருண்ட பக்கம் மேலும் இருளுடனும் தோன்றும். பொருள்களின் விளிம்பை விரைந்து அறிவதற்கு இவ்வியல்பு உதவுகின்றது. ஆனால் திரையில் படிகள் பெரியனவாக இருப்பின், இல்லாத கோட்டை இருப்பதாகக் காட்டுவதும் இவ்வியல்பே.

இருண்ட பகுதியில் கண் நுண்ணிய வேறுபாட்டையும் உணருமாதலால், படங்களைக் குறியீடாக்கும்போது படிகள் சம இடைவெளியில் வைக்கப்பெறுவதில்லை. இருளில் நெருக்கமாகவும் ஒளியில் அகலமாகவும் அவை அமைக்கப்பெறுகின்றன. இந்த ஏற்பாட்டினால்தான் 256 படிகள் அன்றாடப் பணிகளுக்குப் போதுமானவையாயின.

ஆழம் வேறு, பரப்பு வேறு

கார்டன் ரீச்சை அடுத்துள்ள மெட்டியாபுரூஜ் ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1856-இல் அவத் அரசை இழந்து கொல்கத்தாவுக்கு வந்த நவாப் வாஜித் அலி ஷா இங்கே குடியமர்ந்து 1887-இல் காலமானார். அவருடைய பரிவாரத்தோடு வந்த தையற்கலைஞர்களிடமிருந்தே இவ்வூரின் தையல் மரபு வளர்ந்தது என்பர். இன்று வெளியூர் வணிகர்கள் துணியின் நிறத்தைக் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ பார்த்து ஆடைகளைத் தருவித்தல் எங்கும் வழக்கமாகிவிட்டது. திரையில் மயில்நீலமாகத் தோன்றிய துணி கைக்கு வரும்போது பச்சை கலந்து காணப்பட்டால், சரக்கு திரும்பும். தைத்தவருக்கும் விற்றவருக்கும் நட்டம் நேரும்.

இத்தகைய இடர்ப்பாட்டை நீக்க நிற ஆழம் மிக்க திரை வாங்கினால் போதும் என்று எண்ணுவது பிழையாகும். ஏனெனில் இங்கே குறை படிகளின் எண்ணிக்கையில் இல்லை. திரை எந்த அளவுக்குச் செறிந்த சிவப்பையும், பச்சையையும், நீலத்தையும் காட்ட வல்லது என்பது வேறொரு பண்பு. அதனை நிறப்பரப்பு எனலாம். படித்துறை எத்தனை அடி உயரமுள்ளது என்பது நிறப்பரப்பு. அவ்வுயரம் எத்தனை படிகளாகப் பகுக்கப்பெற்றது என்பது நிற ஆழம். ஒன்று மிகுந்ததனால் மற்றதும் மிகும் என்பதில்லை.

பெரும்பாலான திரைகளும் படங்களும் ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ என்னும் நிறப்பரப்பைப் பின்பற்றுகின்றன. இது 1996-இல் முன்மொழியப்பெற்று 1999-இல் சர்வதேசத் தரமாக வெளியாயிற்று. செறிந்த மயில்நீலச் சாயங்கள் சில இப்பரப்புக்கு வெளியே அமைவன. அத்தகைய நிறத்தை இத்திரையில் 256 படிகளாலும் காட்ட இயலாது. 1,024 படிகளாலும் காட்ட இயலாது. உயரம் போதாத படித்துறையில் படிகளை எத்துணை நெருக்கினாலும் மேல்தளத்தை எட்ட முடியாதன்றோ?

இதன் மறுபக்கமும் அறியத்தக்கது. பரப்பு விரிந்த திரையில் 8 பிட் மட்டும் இருப்பின், உயர்ந்த படித்துறைக்குப் பழைய எண்ணிக்கையிலேயே படிகள் அமைத்ததாகும். ஒவ்வொரு படியும் பெரிதாகி, பட்டைகள் முன்னினும் மிகுதியாகத் தோன்றலாம். பரப்பு விரியுந்தோறும் ஆழமும் மிகுதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

துணியின் நிறத்தைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். துணி தன்மேல் விழும் ஒளியைத் திருப்பியனுப்புகின்றது. திரையோ தானே ஒளியை உமிழ்கின்றது. பகலொளியில் ஒத்துத் தோன்றும் இரு நிறங்கள் குழல்விளக்கின் கீழ் வேறுபடக்கூடும். ஆகவே துணி வணிகத்தில் அளவிட்டுச் சீர்செய்த திரை உதவுமெனினும், இறுதி முடிவுக்குச் சாயமிட்ட துணியின் மாதிரித்துண்டே சான்றாகும்.

விளம்பர எண்களைப் படிக்கும் முறை

திரைகள் சில உள்ளபடி 6 பிட் ஆழமே கொண்டவை. எனினும் அவை 1.62 கோடி அல்லது 1.67 கோடி நிறங்கள் காட்டுவதாகக் குறிப்பிடப்பெறுகின்றன. இது முற்றிலும் பொய்யன்று. ஒரு தந்திரத்தின் பயனாகும். படித்துறையில் ஒருவன் நாற்பதாம் படிக்கும் நாற்பத்தொன்றாம் படிக்கும் இடையே கண்ணிமைப்பினும் விரைவாகத் தாவிக்கொண்டேயிருந்தால், அவன் இரண்டுக்கும் நடுவே நிற்பதாகத் தோன்றுமல்லவா? அதுபோலவே ஒரு படப்புள்ளி அடுத்தடுத்த இரு பிரகாச நிலைகளுக்கிடையே விரைந்து மாற்றப்பெறுகின்றது. கண் இரண்டின் சராசரியைக் காண்கின்றது. இம்முறைக்கு ‘எஃப்.ஆர்.சி.’ என்று பெயர்.

64 படிகளின் 63 இடைவெளிகளையும் இம்முறையில் நந்நான்காகப் பகுத்தால் கிடைப்பவை 253 படிகள். 253-ஐ மும்முறை பெருக்கினால் 1,61,94,277 வரும். 1.62 கோடி என்னும் எண் பிறந்த வகை இதுவே. ஆகவே விலைப்பட்டியலில் 1.67 கோடிக்குப் பதிலாக 1.62 கோடி என்று கண்டால், அது 6 பிட் திரை என்று ஐயுறலாம். இன்று 1.67 கோடி எனக் குறிக்கப்பெறும் 6 பிட் திரைகளும் உண்டாதலால், எண்ணை மட்டும் நம்பாமல் ‘உண்மையான 8 பிட்டா, 6 பிட்டும் எஃப்.ஆர்.சி.யுமா?’ என்று விற்பனையாளரிடம் எழுத்து மூலம் கேட்டறிதல் நன்று. ‘107 கோடி நிறங்கள்’ எனக் குறிக்கப்பெறும் திரைகளுள்ளும் பல, 8 பிட்டோடு இத்தந்திரத்தைச் சேர்த்தவையே.

இவ்வேற்பாட்டைக் குறைவாக மதிக்க வேண்டுவதில்லை. கடிதம் எழுதுதல், கணக்கு வைத்தல், பாடப்படம் காட்டுதல் ஆகியவற்றுக்கு இதனால் இடையூறு இல்லை. 8 பிட்டோடு எஃப்.ஆர்.சி. சேர்ந்த திரை நுண்பணிக்கும் பெரும்பாலும் போதும். 6 பிட் திரையிலேயே இருண்ட பகுதிகளில் மெல்லிய நடுக்கமும் மணல் தூவியது போன்ற தோற்றமும் சிலருக்குப் புலப்படலாம்.

நதியின் படமும் பொய்க்கோடும்

செயற்கைக்கோள்களின் உணர்கருவிகளுக்கும் நிற ஆழம் போன்ற ஓர் அளவு உண்டு. 2003 அக்டோபர் 17-ஆம் நாள் செலுத்தப்பெற்ற ரிசோர்ஸ்சாட்-1 செயற்கைக்கோளின் லிஸ்-3, லிஸ்-4 கருவிகளின் படங்கள் 7 பிட் அளவில், அதாவது 128 படிகளில் அமைந்தன. 2011 ஏப்ரல் 20-ஆம் நாள் செலுத்தப்பெற்ற ரிசோர்ஸ்சாட்-2-இல் இவை 10 பிட் அளவுக்கு, அதாவது 1,024 படிகளுக்கு உயர்த்தப்பெற்றன. 2013-இல் அமெரிக்கா செலுத்திய லாண்ட்சாட்-8-இன் நிலப்படக் கருவி 12 பிட் அளவிலும், 2021-இல் செலுத்தப்பெற்ற லாண்ட்சாட்-9-இன் கருவி 14 பிட் அளவிலும் பதிவு செய்கின்றன.

இவ்வுயர்வின் பயன் நதியில் நன்கு விளங்கும். மணற்பரப்பும், கட்டடக் கூரைகளும், மேகமும் மிகுந்த ஒளியைத் திருப்பியனுப்புவன. நீரோ மிகக் குறைந்த ஒளியையே திருப்பும். நீரில் வண்டல் மிகுந்தால் திரும்பும் ஒளி, குறிப்பாகச் சிவப்புப் பகுதியில், சற்று மிகும். நீர்ப்பரப்பின் வேறுபாடுகள் அனைத்தும் மொத்த அளவின் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்குவதாக எடுத்துக்காட்டுக்குக் கொண்டால், 128 படிகளில் நீருக்குக் கிடைப்பவை 16. 1,024 படிகளிலோ 128. தெளிந்த நீர் முதல் கலங்கிய நீர் வரை 16 படிகளில் பகுத்த படத்தைவிட 128 படிகளில் பகுத்த படம் மிகுதியாகச் செய்தி தரும் என்பது வெளிப்படை.

ஆயினும் அப்படம் களப்பணியாளரின் மேசையிலுள்ள திரைக்கு வரும்போது மீண்டும் அத்திரையின் படிகளுக்குள் அடைக்கப்பெறுகின்றது. 1,024 படிகள் 256-க்குள் சுருங்கும். 6 பிட் திரையாயின் எஃப்.ஆர்.சி. கொண்டு ஒப்பேற்றப்பெறும். முழு அளவையும் ஒருங்கே காட்டினால் நீரின் 128 படிகள் திரையில் 32 ஆகிவிடும். கார்டன் ரீச் வளைவில் மெல்ல மாறும் கலங்கல் நீர் அப்போது பட்டை பட்டையாகத் தோன்றும். அப்பட்டைகளின் ஓரத்தை வண்டலின் எல்லை என்று எண்ணி வரைந்துவிடக் கூடாது.

மெய்க்கோட்டையும் பொய்க்கோட்டையும் பிரித்தறிய எளிய சோதனைகள் மூன்று உண்டு. முதலாவது, படத்தின் ஒளி-இருள் வேறுபாட்டைச் சிறிது கூட்டியும் குறைத்தும் பார்த்தல். நதியில் உள்ளபடி இருக்கும் எல்லை அதே இடத்தில் நிலைத்திருக்கும். திரையின் படியால் வந்த கோடு இடம் பெயரும். இரண்டாவது, கோட்டின் இருபுறமும் உள்ள படப்புள்ளிகளின் எண்மதிப்பை மென்பொருளில் படித்தறிதல். மதிப்புகள் ஒவ்வொன்றாக மெல்ல ஏறினால் எல்லை பொய். ஓரிடத்தில் சட்டென்று தாவினால் மெய். மூன்றாவது, நீர்ப்பகுதியின் மதிப்புகளை மட்டும் திரையின் முழு அளவுக்கு விரித்துக் காணுதல். 128 மதிப்புகளும் 256 படிகள் கொண்ட திரையில் அப்போது தனித்தனியே இடம்பெறும். இவ்வாறு செய்தால் 8 பிட் திரையிலும் 10 பிட் படத்தின் செய்தியை இழக்காமல் பெறலாம். விலையுயர்ந்த திரையைவிடச் சில வேளைகளில் பயன்படுத்தும் முறையே பெரிது என்பதற்கு இது சான்றாகும்.

மருத்துவப் படங்கள்

தென்கிழக்கு ரயில்வேயின் மத்திய மருத்துவமனை கார்டன் ரீச்சில் உள்ளது. இதனையொத்த பெரிய மருத்துவமனைகளில் நாள்தோறும் எக்ஸ்-கதிர்ப் படங்களும் சி.டி. படங்களும் எடுக்கப்பெறுகின்றன. சி.டி. படத்தின் மதிப்புகள் பொதுவாக 12 பிட் அளவில், 4,096 படிகளில் சேமிக்கப்பெறும். இவ்வளவுகோலில் நீரின் மதிப்பு 0. காற்றின் மதிப்பு -1,000. 4,096 படிகளையும் சாதாரணத் திரை ஒருங்கே காட்ட இயலாது. காட்டினும் கண் அறியாது. ஆகவே மருத்துவர் நுரையீரலைக் காண ஒரு பகுதியையும், எலும்பைக் காண மற்றொரு பகுதியையும் தேர்ந்து, அப்பகுதியை மட்டும் திரையின் முழு அளவுக்கு விரித்துக் காண்கிறார். நதிப் படத்துக்குக் கூறிய முறையும் இதுவும் ஒன்றே.

நோய் அறிவதற்குரிய திரைகள் ‘டைகாம்’ தரத்தின் 14-ஆம் பகுதியில் வகுத்த சாம்பல் நிற அளவைக்கு இணங்கச் சீர்செய்யப்பெறுகின்றன. ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே கண் உணரும் வேறுபாடு சமமாக அமைய வேண்டும் என்பது அத்தரத்தின் கருத்து. அலுவலகத் திரையில் இவ்வுறுதி இல்லை. எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கைப்பேசியால் மீண்டும் படம்பிடித்து அனுப்பினால் படிகள் மேலும் குறையும். கிராமச் சுகாதாரப் பணியாளர் அவ்வாறு பெற்ற படத்தில் நிழல் எதுவும் தெரியவில்லை என்பதனால் நோய் இல்லை என்று முடிவு செய்தல் ஆபத்தாகும்.

சங்கிலியும் கண்ணிகளும்

10 பிட் திரை வாங்கிய ஒருவர் பழைய திரைக்கும் புதியதற்கும் வேறுபாடு காணாமல் ஏமாற்றமடைதல் உண்டு. படம் திரையை அடையும் வழி ஒரு சங்கிலி போன்றது. கோப்பு, மென்பொருள், கணிப்பொறியின் படச்செலுத்தி, இணைப்பு வடம், திரை ஆகிய ஐந்தும் அதன் கண்ணிகள். இவற்றுள் எது தாழ்ந்ததோ அதுவே முடிவைத் தீர்மானிக்கும்.

வழக்கமாகப் பயன்படும் ‘ஜேபெக்’ படங்கள் 8 பிட் அளவின. அவற்றை எந்தத் திரையில் இட்டாலும் 256 படிகளே உண்டு. வடத்துக்கும் எல்லை உண்டு. அகலத்தில் 3,840, உயரத்தில் 2,160 படப்புள்ளிகள் கொண்ட திரைக்கு வினாடிக்கு 60 முறை முழு நிறச் செய்தியை 8 பிட்டில் அனுப்ப எச்.டி.எம்.ஐ. 2.0 இணைப்பு போதும். 10 பிட்டில் அனுப்ப அது போதாது. அப்போது நிறச் செய்தியின் ஒரு பகுதி குறைக்கப்பெறும். அல்லது வேகம் குறைக்கப்பெறும். உயர்தர இணைப்பு இன்றி 10 பிட் திரைக்குப் பணம் செலவிடுவது, குறுகிய வாய்க்காலின் கடைசியில் பெரிய ஏரி வெட்டுவதை ஒக்கும்.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

வகுப்பறைக்கும் பொது அலுவலகப் பணிக்கும் 8 பிட் திரை போதுமானது. மேற்கொண்டு செலவிடப் பணம் இருப்பின், கடைசி வரிசை மாணவரும் காணத்தக்க அளவு, போதிய பிரகாசம், சன்னலொளி பட்டுக் கண் கூசாத மேற்பரப்பு ஆகியவற்றுக்கே அதனைச் செலவிடுதல் தகும்.

செயற்கைக்கோள் படங்களையும் வரைபடங்களையும் ஆராயும் களப்பணியாளருக்கு உண்மையான 8 பிட் திரை குறைந்தபட்சத் தேவையாகும். கோப்பு முதல் வடம் வரை எல்லாக் கண்ணிகளும் 10 பிட்டை ஏற்குமாயின் 10 பிட் திரை பயன் தரும், இல்லையேல் தராது.

துணி, அச்சு, ஓவியம் ஆகியவற்றின் நிறத்தை ஒப்பிடுவோர் முதலில் நிறப்பரப்பையும், அளவிட்டுச் சீர்செய்யும் வசதியையும் நோக்குதல் வேண்டும். அவற்றுக்கு ஏற்ப நிற ஆழத்தை அடுத்து நோக்கலாம். மருத்துவ முடிவுக்கு அதற்கென அமைந்த திரையே உரியது.

வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம்; இதனை வகுப்பில் மாணவர்க்கும் செய்து காட்டலாம். இடக்கோடியில் முழுக் கருமையும், வலக்கோடியில் முழு வெண்மையுமாக இடையே சீராக மாறும் படமொன்றைத் திரை முழுவதும் இடுக. திரையில் குறுக்கே 1,920 படப்புள்ளிகள் இருப்பின், 256 படிகளில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7.5 புள்ளி அகலம் பெறும். 27 அங்குலத் திரையில் இது இரண்டேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. 64 படிகளேயாயின் ஒவ்வொன்றும் 30 புள்ளி, அதாவது ஒன்பது மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலமாகும். அறையின் விளக்கை அணைத்து, இருண்ட பகுதியை உற்று நோக்கினால், விரலகலப் பட்டைகள் தெரிகின்றனவா, மெல்லிய மாற்றம் மட்டுமே தெரிகின்றதா என்பதைக் கண்ணே கூறிவிடும். புள்ளிகள் துடிப்பதுபோலத் தோன்றினால் அங்கே எஃப்.ஆர்.சி. வேலை செய்கின்றது என ஐயுறலாம். இரு திரைகளை அருகருகே வைத்து ஒரே படத்தைக் காட்டினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். கடைக்காரர் காட்டும் பூக்களும் பறவைகளும் நிறைந்த படம் இச்சோதனைக்கு உதவாது. பல நிறங்கள் நெருங்கிய படத்தில் படிகள் மறைந்துவிடும்.

எந்தக் கருவியும் இயற்கையைப் படிகளாகப் பகுத்தே காட்டுகின்றது. வெப்பமானியின் கோடுகளும், மழைமானியின் அளவுகளும், கார்டன் ரீச்சின் ஓத அளவுகோலும் அவ்வாறானவையே. அளவுகோலின் இரு கோடுகளுக்கிடையே உள்ளதை அறிய இயலாது என்பதை ஒப்புக்கொண்டு அளப்பவரே நம்பத்தக்க அளவைத் தருவார். திரையும் ஓர் அளவுகோலே. அதன் படி எவ்வளவு பெரியது என்பதை அறிந்தவர், அதில் காணும் கோடு நதியினுடையதா, திரையினுடையதா என்று கேட்கத் தவறமாட்டார். அவ்வாறு கேட்கும் பழக்கத்தை மாணவரிடத்தும் உடன்பணியாற்றுவோரிடத்தும் வளர்த்தல், திரையொன்றை நல்ல விலைக்கு வாங்குதலினும் பெரிய பயனாகும்.